9 கிலோமீட்டருக்கு நாலரை மணி நேரம்: எங்கள் ஆற்றுப் பயணக் கணக்கு எங்கே பிசகியது?

கேள்வி

வணக்கம். நாங்கள் நால்வர், இருவர் தனித்தனிக் கயாக்கிலும் (இருமுனைத் துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறுபடகு), மற்ற இருவர் ஒரே கேனூவிலும் (ஒருமுனைத் துடுப்பால் ஓட்டும் திறந்த படகு) செல்கிறோம். ஏரியில் ஓராண்டு பழகியபின், சென்ற மாதம் முதன்முறையாக ஆற்றில் இறங்கினோம். இறங்கும் இடத்துக்கும் ஏறும் இடத்துக்கும் இடையே நிலப்படத்தில் கோடு போட்டு அளந்தபோது 9 கிலோமீட்டர் வந்தது. ஏரியில் மணிக்கு 5 கிலோமீட்டர் போகிறோம், ஆற்றில் நீரோட்டமும் சேர்ந்து இழுத்துச் செல்லும், ஆகவே இரண்டு மணி நேரம் தாராளமாகப் போதும் என்று நினைத்தோம். கரையேறியபோது நாலரை மணி நேரம் ஆகியிருந்தது, பொழுதும் சாய்ந்துவிட்டது.

வழியில் ஒரு வளைவில் கேனூ கவிழ்ந்தது. வெளிக்கரையிலிருந்து ஆற்றுக்குள் சாய்ந்து கிடந்த மரத்தை நோக்கி ஓட்டம் இழுக்க, கேனூவில் இருந்த இருவரும் மிரண்டுபோய் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டார்கள். மரத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே கவிழ்ந்ததால் நீந்தி ஒதுங்க முடிந்தது. ஆனால் அவர்களில் ஒருவர், இடுப்பளவு நீர்தானே என்று எழுந்து நின்றபோது, அவருடைய கால் இரண்டு கற்களுக்கிடையே சிக்கிக்கொண்டது. ஓட்டம் முதுகைத் தள்ள, முகங்குப்புற விழப்போனார். செருப்பு கழன்றதால் கால் விடுபட்டது. படகை மீட்டு, நீரை இறைத்து, மறுபடி புறப்பட 40 நிமிடங்கள் ஆயின.

அடுத்ததாக அதே ஆற்றில் 22 கிலோமீட்டரை ஒரே நாளில் கடக்க விரும்புகிறோம். முடிவுக்கு 3 கிலோமீட்டர் முன்னால் ஒரு மீட்டர் உயரமுள்ள தடுப்பணை இருக்கிறது. தண்ணீர் நிறைய வழியும் நாளில் படகோடு அதன்மேல் வழுக்கி இறங்கிவிடலாம் என்கிறார் எங்களில் ஒருவர். நேரக் கணக்கு ஏன் தவறியது, கேனூவைக் கவிழாமல் கொண்டுசெல்வது எப்படி என்று விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

நேரத்தையும் கேனூவையும் பிறகு பார்க்கலாம். போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தடுப்பணைதான் உங்கள் திட்டத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய இடம். மரம்கூட அதற்கு அடுத்ததுதான்.

தடுப்பணைமேல் வழிந்து விழும் நீர் நேராக அடியாழத்துக்குப் போய், சற்றுத் தள்ளி மேலெழும்பி, அதில் ஒரு பகுதி மேற்பரப்பு வழியாக மீண்டும் சுவரை நோக்கியே திரும்பி ஓடுகிறது. இறங்கிய படகை இந்தத் திரும்போட்டம் சுவருக்கே இழுத்து, குறுக்காகத் திருப்பி, உருட்டும். உயிர்காப்பு உடை உங்களை மேற்பரப்பில்தான் மிதக்க வைக்கும். அந்த மேற்பரப்பு நீரோ சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. நுரையில் காற்று கலந்திருப்பதால் அங்கே மிதப்பும் குறைவு. ஒரு மீட்டர்தானே என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. நீர் கூடுதலாக வழிந்தால் எளிது என்பதும் தலைகீழான கணிப்பு. நீர் கூடும்போது பல தடுப்பணைகளில் அந்தச் சுழற்சி இன்னும் வலுவாகி, இன்னும் தூரத்துக்கு நீள்கிறது. சிக்கியவரைக் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து மூழ்கிய விபத்துகள் பல நாடுகளில் நடந்திருப்பதால், ஆங்கிலத்தில் இதற்கு ‘மூழ்கடிக்கும் எந்திரம்’ என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரே உண்டு.

இன்னொரு சிக்கல், மேலிருந்து வரும்போது அது கண்ணுக்கே தெரியாது. கரையிலிருந்து கரைவரை நூல் பிடித்தாற்போல ஒரு கோடும், அதற்கு அப்பால் அடிமரம் மறைந்து தலைப்பகுதி மட்டும் தெரியும் மரங்களும் இருக்கும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் நீர் குளம்போல அமைதியாகத் தேங்கியிருப்பதால் மனமும் ஏமாந்துவிடும். எனவே முன்னதாகவே தரைவழியாகச் சென்று, தடுப்பணைக்கு 200 மீட்டராவது மேலே, படகிலிருந்து பார்த்தாலே தெரியும்படியான ஓர் அடையாளத்தைக் குறித்துவையுங்கள். அங்கே இறங்கிப் படகுகளைத் தோளில் சுமந்து, கீழே நுரை முழுவதும் அடங்கிய இடத்தில் மறுபடி நீரில் விடுங்கள். சுமக்க மனமில்லையென்றால் பயணத்தை அங்கேயே முடித்துவிடலாம்; நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

மறுமொழி 2

நேரக் கணக்குக்கு வருகிறேன். நிலப்படத்தில் நேர்கோடாக அளந்தால் ஆறு போடும் வளைவுகள் கணக்கில் வராது. நீரின் போக்கிலேயே புள்ளி புள்ளியாக வைத்து மறுபடி அளந்துபாருங்கள். உங்கள் 9 கிலோமீட்டர் 12, 13 ஆக மாறினால் வியப்படைய வேண்டாம். அடுத்து, ஏரியில் மணிக்கு 5 கிலோமீட்டர் என்பது யாருடைய வேகம்? குழுவின் வேகம் என்பது அதில் மிக மெதுவான படகின் வேகம்தான். எதிர்க்காற்று, ஆழமில்லாத இடங்களில் படகை இழுத்து நடப்பது, மறைவான வளைவுக்கு முன் கரையேறிப் பார்ப்பது ஆகியவற்றையும் சேர்த்தால், ஓட்டம் தரும் உதவி பெரும்பாலும் அதிலேயே கரைந்துவிடும்.

12.5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு மணிக்கு 4 கிலோமீட்டராகப் போட்டால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். கவிழ்ந்ததற்கு 40 நிமிடம். மீதி ஓய்வும் தயக்கமும். உங்கள் நாலரை மணி நேரம் வந்துவிட்டது. அதே விகிதத்தில் 22 கிலோமீட்டர் உண்மையில் 30-ஐ ஒட்டி வரும். நீரில் மட்டும் ஏழரை மணி நேரம், எல்லாம் சேர்த்தால் 10 மணி நேரம். இதை ஒரே நாளில் செய்ய வேண்டாம். பாதியில் வெளியேறக்கூடிய இரண்டு, மூன்று இடங்களை முன்பே பார்த்துவைத்து, எத்தனை மணிக்குள் எந்த இடத்தைத் தாண்டவில்லையென்றால் அங்கேயே நிறுத்துவது என்று காகிதத்தில் எழுதுங்கள். அதன் ஒரு படியைக் கரையில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து, எத்தனை மணிக்குப் பிறகு அவர் உதவிக்கு ஆளழைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

மறுமொழி 3

கேனூ பற்றி. வளைவில் ஓட்டம் எப்போதும் வெளிக்கரையை நோக்கியே தள்ளும். அங்கேதான் மண் அரிக்கப்பட்டு மரங்கள் சாயும். மரத்தைப் பார்த்தபின் துடுப்பை ஓங்கிப் பயனில்லை. வளைவுக்குள் நுழையும்போதே உட்கரைப் பக்கமாக வந்துவிட வேண்டும். படகின் பின்முனை உட்கரையைப் பார்க்குமாறு சற்றுச் சாய்த்து, இருவரும் பின்னோக்கித் துடுப்புப் போட்டால் வேகமும் குறையும், படகும் உட்கரைப் பக்கம் நகரும். இதை மெதுவான ஓட்டத்தில் இருபது முறையாவது பழகுங்கள்.

கொப்புகள் சல்லடையைப் போன்றவை: நீர் போய்விடும், ஆள் நின்றுவிடுவார். தவிர்க்கவே முடியாமல் நீந்தி மோதவேண்டி வந்தால் மட்டும், குப்புறத் திரும்பி, தலை முன்னே இருக்க வேகமாக நீந்தி, அடிமரத்தின்மேல் தாவி ஏற முயல வேண்டும். பாறையில் படகு பக்கவாட்டில் மோதினால், பாறையை நோக்கியே சாயுங்கள். விலகிச் சாய்ந்தால் மேலிருந்து வரும் ஓட்டம் படகின் விளிம்பை அமுக்கி நீரை உள்ளே விட்டுவிடும்.

உங்கள் நண்பருக்குக் கால் சிக்கியதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஓடும் நீரில் முழங்காலுக்கு மேல் ஆழமிருந்தால் எழுந்து நிற்கவே கூடாது. மல்லாந்து, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரிய, பாதங்கள் ஓட்டத்தின் போக்கை நோக்கி இருக்க மிதந்து, கைகளால் துழாவிக் கரை சேர வேண்டும். கவிழ்ந்த படகுக்குக் கீழ்ப்புறம், அதாவது ஓட்டம் அதைத் தள்ளிச் செல்லும் பக்கத்தில், ஒருபோதும் இருக்காதீர்கள். 300 லிட்டர் நீர் புகுந்தால் அது 300 கிலோ எடை. பாறைக்கும் அதற்கும் நடுவே அகப்பட்டால் எலும்பு தாங்காது. செருப்பு வேண்டாம், கட்டும் காலணி அணியுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நீரின் போக்கில் மறுபடி அளந்தேன். முதல் பயணத்தின் தூரம் 12.7 கிலோமீட்டர். அடுத்த பயணத்தைத் தடுப்பணைக்கு மேலேயே முடித்து, இரண்டு நாளாகப் பிரித்துவிட்டோம். வழுக்கி இறங்கலாம் என்ற நண்பர் இரண்டு நாள் பேசவில்லை, இப்போது பேசுகிறார். இன்னும் ஒரு சந்தேகம்: அன்று காலை நீர் அதிகமா, இல்லையா என்பதை எப்படி அறிவது?

மறுமொழி 2

மேலே அணை இருந்தால் எத்தனை கன அடி திறக்கிறார்கள், எப்போது திறக்கிறார்கள் என்பதை முதல் நாளே கேட்டறியுங்கள்; வானம் தெளிவாக இருக்கும்போதே நீர் ஏறுவது அதனால்தான். வேகம் இருமடங்கானால் நீர் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதால், சிறிய ஏற்றத்தையும் அலட்சியம் செய்ய வேண்டாம். இறங்கும் இடத்தில் நீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, படகுகளை ஆயத்தம் செய்யும் அரை மணி நேரமும் அதைக் கவனியுங்கள். நீர் கலங்கி, செத்தையும் சுள்ளியும் நடு ஆற்றில் மிதந்து வந்தாலும் ஏறுகிறது என்றே கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்

இன்று காலை போயிருந்தோம். குச்சியை நட்டு, கேனூவில் காற்றுப் பைகளைக் கட்டி முடிப்பதற்குள் அது நான்கு விரற்கடை நீருக்குள் போயிருந்தது. பிறகு ஒரு வாழைத்தண்டு நடு ஆற்றில் உருண்டு வந்தது. படகுகளை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டோம். நீர் எத்தனை நாளில் தெளியும் என்று தோராயமாகச் சொல்ல முடியுமா?

மறுமொழி 2

நாள் கணக்குச் சொல்ல முடியாது. அது மழை நிற்பதையும் அணை மூடுவதையும் பொறுத்தது. முதல் பயணத்தன்று நீர் எந்தக் கல்வரை நின்றது என்று நினைவிருந்தால், அந்தக் கல் மறுபடி வெளியே தெரிந்து, அடிமணலும் கண்ணுக்குத் தெரியும்வரை பொறுத்திருங்கள்.