வீட்டின் பின்புறத்தில் நீச்சல் குளம்: பள்ளத்தில் மழைநீர், தோண்டியவர் தொலைபேசியை எடுப்பதில்லை

கேள்வி – புதுக்குடித்தனம்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஆஸ்திரேலியாவுக்குக் குடிவந்து அதிக காலம் ஆகவில்லை. வாங்கிய வீட்டின் பின்புறத்தில் சிறிய நீச்சல் குளமும் அதையொட்டி ஒரு ஸ்பாவும் (சிறிய வெந்நீர்த் தொட்டி) அமைக்க விரும்பினோம். குளம் கட்டித் தரும் நிறுவனங்கள் கேட்ட தொகை எங்கள் சக்திக்கு மீறியதாக இருந்ததால், ஃபைபர்கிளாஸ் தொட்டியைத் தயாரிப்பாளரிடமே வாங்கி, தோண்டுபவர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், வேலி போடுபவர் என ஒவ்வொருவரையும் தனித்தனியே அமர்த்தி நாங்களே மேற்பார்வையிடலாம் என்று என் கணவர் முடிவு செய்தார். பள்ளம் தோண்டி முடிந்த கையோடு பெருமழை பிடித்துக்கொண்டது. இப்போது பள்ளத்தில் இடுப்பளவு சேற்றுநீர் நிற்கிறது. ஒரு பக்க மண் சரிந்து, அடுத்த வீட்டு வேலி எங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. தோண்டியவர் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு தொலைபேசியை எடுக்காமல் இருக்கிறார். வெள்ளிக்கிழமை கிரேனில் தொட்டி வருகிறது. அடுத்த வீட்டுக்காரர் உள்ளூராட்சிக் கவுன்சிலில் புகார் செய்யப்போவதாகச் சொல்லிவிட்டார். நீரை இறைத்துவிட்டு வெள்ளிக்கிழமையே தொட்டியை இறக்கிவிடலாமா? தயவுசெய்து விரைவாகப் பதில் சொல்லுங்கள்.

டூங்காபிவாசி

முதலில் ஃபைபர்கிளாஸ் தொட்டியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். நாங்கள் கான்கிரீட் குளம்தான் கட்டினோம். கம்பி கட்டி, கான்கிரீட்டைப் பீய்ச்சியடித்து, அது இறுகக் காத்திருந்து, பின் பூச்சு வேலை முடிவதற்குள் ஒரு கோடைக்காலமே கழிந்துவிட்டது. ஆனால் நமக்கு வேண்டிய வடிவில், வேண்டிய ஆழத்தில், ஸ்பாவையும் அதே கட்டுமானத்தில் சேர்த்துக்கொள்ள முடிந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு அறைக்குள் நான்கு பேர் படுத்துறங்கிய எங்களுக்கு, சொந்தக் குளத்தில் பிள்ளைகள் நீந்துவதைப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்கும் போகப் போகப் புரியும். தொட்டியைத் திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

மெல்பர்ன் அண்ணன்

தங்கையே, தொட்டியைப் பற்றிப் பிறகு பேசலாம், அனுமதி இருக்கிறதா? வேலையின் மதிப்பு 16,000 டாலரைத் தாண்டினால், சொந்தமாகக் கட்டுபவர் அதற்கான ஒப்புதல் சான்றிதழைப் பெற்ற பிறகுதான் கட்டட அனுமதியே கிடைக்கும். குளம் முடிந்ததும் கவுன்சிலில் பதிவு செய்து, 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை தடுப்பு வேலிக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். இவையெல்லாம் இல்லாமல் மண்வெட்டியைத் தொட்டிருக்கவே கூடாது.

வெண்ட்வொர்த்வில்

அண்ணா, நீங்கள் சொல்வது விக்டோரியா மாநிலத்துக்குப் பொருந்தும். நியூ சவுத் வேல்ஸில் கூலியும் பொருளும் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினாலே வீட்டுக்காரரே கட்டுவதற்கான உரிமையாளர்-கட்டுநர் அனுமதி வேண்டும்; 20,000 டாலரைத் தாண்டினால் அதற்கான பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும். குளத்தை மாநிலப் பதிவேட்டில் பதிய வேண்டும். இங்கே தடுப்புச் சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். அவர் எந்த மாநிலம் என்றே சொல்லவில்லையே.

வடலியடைப்பான்

எந்த மாநிலமாக இருந்தாலும் என்ன, வேலைக்காரர்களின் குணம் ஒன்றுதான். காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்பார், மறுவாரம் மத்தியானம் வந்து நிற்பார். எங்கள் குளத்துப் பள்ளத்தில் பாறை வந்துவிட்டது என்று சொல்லி, பேசிய தொகைக்கு மேல் மணிக்கணக்கில் வாங்கினார்கள். வெட்டியெடுத்த மண்ணை ஏற்றிப் போகவும் குப்பைமேட்டில் கொட்டவும் தனிக் கட்டணம் என்றார்கள். இவ்வளவு பாடுபட்டுக் கட்டியபின் நாலு மாதம் குளிக்கலாம், மீதி எட்டு மாதம் யூகலிப்டஸ் இலை அள்ளலாம். ஸ்பாவைச் சூடாக்கிய முதற் காலாண்டின் மின்கட்டணத்தைப் பார்த்த என் மனைவி அதற்குப் பின் மூடியைத் திறக்க விட்டதில்லை.

டூங்காபிவாசி

மூடி என்றதும் நினைவு வருகிறது. ஸ்பாவுக்கு வேலியே தேவையில்லை, பூட்டும் மூடி போதும். வேலிச் செலவை அப்படியே மிச்சப்படுத்தலாம்.

மெல்பர்ன் அண்ணன்

தவறான தகவலைத் தர வேண்டாம். இங்கே விக்டோரியாவில் ஸ்பாவுக்கும் வேலி கட்டாயம்.

புதுக்குடித்தனம்

விவரம் சொல்லாமல் விட்டதற்கு மன்னிக்கவும். சிட்னி, பிளாக்டவுன் பக்கம். அனுமதி என் கணவர் பெயரில் முறைப்படி வாங்கப்பட்டிருக்கிறது. பள்ளத்தின் ஆழமான முனை ஏறத்தாழ 1.9 மீட்டர் இருக்கும். எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகன் இருக்கிறான். பள்ளத்தைச் சுற்றி ஆரஞ்சு நிற வலை கட்டியிருக்கிறோம். என் கணவர் இன்று மாலை பம்பு ஒன்றை வாடகைக்கு எடுத்து, நீரைத் தெருவோரச் சாக்கடையில் விட்டுவிட்டு, உள்ளே இறங்கிச் சரிந்த மண்ணை அள்ளப் போகிறார்.

குவேக்கர்ஸ் ஹில் பொறியாளர்

அம்மா, உங்கள் கணவரை அந்தப் பள்ளத்துக்குள் இறங்க விடாதீர்கள். மழையில் ஊறி ஏற்கெனவே ஒரு பக்கம் சரிந்த களிமண் சுவர், நீரை இறைத்ததும் உள்ளிருந்து தாங்கிய எடை போய்விடுவதால், மறுபடியும் சரியக்கூடும். 1.5 மீட்டருக்கு மேற்பட்ட குழிகளில் பக்கச் சுவரைத் தாங்கிப் பிடிக்காமலோ சரிவாக வெட்டிவிடாமலோ ஆளை இறக்குவதில்லை என்பது தொழிலில் உள்ளோர் பிழைக்கும் வழி. மண்ணை எக்ஸ்கவேட்டர் மேலிருந்தே அள்ளட்டும்.

அதற்கும் முன்பாக, ஆரஞ்சு வலை நான்கு வயதுப் பிள்ளையைத் தடுக்காது. தற்காலிகக் கம்பித் தட்டிகளை வாடகைக்குத் தருகிறார்கள். அவற்றை எடையிட்ட பாதங்களில் நிறுத்தி, ஒன்றோடொன்று கிளாம்பு போட்டு, இருட்டுவதற்குள் பள்ளத்தைச் சுற்றி அடைத்துவிடுங்கள். இந்த மாநிலச் சட்டம் நீச்சல் குளம் என்பதற்குத் தரும் வரையறையில், 300 மில்லிமீட்டருக்கு மேல் நீர் நிற்கக்கூடியதாக நீந்துவதற்கென்று தோண்டிய குழியும் அடங்கும். கவுன்சில் அதிகாரி வந்தால் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சேற்றுநீரைத் தெருச் சாக்கடையில் விட்டால் அது மழைநீர் வடிகால் வழியே ஓடைக்குப் போகிறது. அதற்கு அபராதம் உண்டு. களி கலந்த நீர் தானாகத் தெளியாது. ஜிப்சம் தூளைப் பரவலாகத் தூவினால் களித்துகள்கள் திரண்டு அடியில் படியும். பிறகு பம்பின் உறிஞ்சு முனையை ஒரு மிதவையில் கட்டி மேல்மட்டத்துத் தெளிநீரை மட்டும் எடுத்து, உங்கள் புல்தரையிலேயே மெதுவாகப் பாய்ச்சுங்கள். அடுத்த வீட்டுப் பக்கம் வழிந்துவிடக் கூடாது.

அடுத்த வீட்டுக்காரரிடம் இன்றே நேரில் போய்ப் பேசுங்கள். புகார் போகுமுன் என்பதற்காகச் சொல்லவில்லை. அவருடைய நிலத்துக்கு இருந்த தாங்கலை உங்கள் பள்ளம் எடுத்துவிட்டது, அதைச் சரிசெய்வது உங்கள் செலவு. வேலி, அவர் வீட்டுச் சுவர், நடைபாதை எல்லாவற்றையும் தேதியோடு புகைப்படம் எடுத்து வையுங்கள். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்து அந்தப் பக்கத்தை எப்படித் தாங்குவது என்று எழுத்தில் வாங்குங்கள்.

வெள்ளிக்கிழமைக் கிரேனைத் தள்ளிப்போடுங்கள். தள்ளிப்போட வாங்கும் கட்டணம் வலிக்கத்தான் செய்யும். ஆனால் நிலத்தடி நீர் ஊறும் பள்ளத்தில் வெறும் தொட்டியை இறக்கினால் அது ஓடம்போல் மேலே கிளம்பிவிடும். அடியில் படுக்கை மணல் சமமாகப் பரப்பி மட்டம் பார்த்து, ஆழமான முனையில் ஒரு நிலைக்குழாயை நிறுத்திய பிறகுதான் தொட்டி இறங்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் அந்தக் குழாய்க்குள் எட்டிப் பார்த்து, தொட்டிக்குக் கீழே நீர் சேர்ந்திருந்தால் இறைத்துவிடலாம். இறக்கியதும் உள்ளே நீரும் வெளியே மண்ணடைப்பும் சாண் சாணாகச் சேர்ந்தே ஏற வேண்டும். ஒன்று முந்தினால் தொட்டியின் பக்கச் சுவர் வீங்கும் அல்லது உள்வாங்கும். தயாரிப்பாளர் தரும் நிறுவல் கையேட்டில் சொல்லப்பட்ட அடைப்புப் பொருளை மாற்றினால் உத்தரவாதம் போய்விடக்கூடும்.

ஸ்பாவைப் பற்றி இருவர் மோதிக்கொண்டார்கள். நியூ சவுத் வேல்ஸில் தனித்து நிற்கும் ஸ்பாவுக்குப் பூட்டக்கூடிய, குழந்தை திறக்க முடியாத மூடி போதும். குளத்தோடு ஒட்டிய உங்கள் ஸ்பா எப்படியும் குளத்து வேலிக்குள்ளேயே வந்துவிடும். அந்த வேலி 1.2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறந்து தானாக மூடித் தானாகத் தாழிட வேண்டும். வேலியருகே நாற்காலி, பூந்தொட்டி, பம்புப் பெட்டி என ஏறிக் கடக்க உதவும் எதுவும் இருக்கக் கூடாது. மின்வேலையும் குழாய்வேலையும் உரிமம் பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டும். எலக்ட்ரீஷியனிடம், வேலை விதிப்படி முடிந்தது என்ற இணக்கச் சான்றிதழை வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

தோண்டியவரின் உரிம எண்ணை அரசின் இணையப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள்; 5,000 டாலருக்கு மேற்பட்ட வேலைக்கு உரிமமும் எழுத்து ஒப்பந்தமும் கட்டாயம். குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் ஒரு கெடு விதித்து எழுதுங்கள். பதில் வராவிட்டால் அரசின் முறையீட்டுப் பிரிவுக்கும், தேவைப்பட்டால் மாநிலத் தீர்ப்பாயத்துக்கும் அதுவே சான்று.

புதுக்குடித்தனம்

மிக்க நன்றி. தட்டிகள் வந்துவிட்டன, கணவர் பள்ளத்தில் இறங்கவில்லை. கிரேனை இரண்டு வாரம் தள்ளிவைத்துவிட்டோம். வீட்டுக் காப்புறுதி இந்தச் சரிவுக்குக் கைகொடுக்குமா?

குவேக்கர்ஸ் ஹில் பொறியாளர்

வழக்கமான வீட்டுக் காப்புறுதிகள் பெரும்பாலும் கட்டுமான வேலையை விலக்கி வைத்திருக்கும். உங்கள் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். தோண்டியவரின் பொதுப் பொறுப்புக் காப்புறுதிச் (அவர் வேலையால் பிறருக்கு நேரும் சேதத்துக்கானது) சான்றின் நகல் உங்களிடம் இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் இன்றே எழுதுங்கள். கிரேன்காரரிடம் பேசும்போது, வாசலுக்கு மேலே மின்கம்பி போகிறதா என்பதையும், சரிந்த பக்கத்துக்கு அருகே கிரேனின் கால்களை ஊன்ற வேண்டியிருக்குமா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.