மார்கழி விடியலில் கறுப்பு-வெள்ளை பிலிம்: நிழலெல்லாம் வெறும் கண்ணாடியாக வருகிறது

படித்துறை:
கும்பகோணம் தெருக்களில் விடியற்காலை, ஐந்தே முக்காலிலிருந்து ஆறரைக்குள் எடுத்த ரோல். பென்டாக்ஸ் கே1000, 50 மி.மீ. எஃப் 2 லென்ஸ், இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் (400 வேக பிலிம்). ஐஎஸ்ஓ (பிலிம் வேகம்) டயல் 1600-ல், லைட் மீட்டர் முள் நடுவில் நிற்கும்படி வைத்தேன். ஐடி-11 டெவலப்பர் ஸ்டாக் (தண்ணீர் சேர்த்து நீர்க்காத மூலக் கரைசல்) அப்படியே, 14 நிமிஷம், குழாய்த் தண்ணீர் இருந்த சூட்டிலேயே. நெகடிவில் திண்ணையும் வாசற்படியும் ஒன்றும் பதியாமல் வெறும் கண்ணாடி. டியூப்லைட்டும் கோலமும் மை கொட்டினாற்போல அடர்த்தி. கிரெய்ன் (படத்தின் துகள்) மணல் மணலாக இருக்கு. டெல்டா 3200 பிலிமுக்கு மாறினால் சரியாகுமா?

இருட்டறை:
பிலிமை மாத்த வேண்டாம் சார். டெல்டா 3200 பேரில்தான் 3200. இல்ஃபோர்டே கொடுத்திருக்கிற ஐஎஸ்ஓ வேகம் 1000. விலைக்கேற்ற லாபம் கொஞ்சம்தான். உங்க ரோலில் இரண்டு தப்பு ஒண்ணா சேர்ந்திருக்கு.

முதலாவது சூடு. எச்பி5-ஐ 1600-ல் எடுத்தால் ஐடி-11 ஸ்டாக்கில் 14 நிமிஷம் என்பது 20 டிகிரிக்கான கணக்கு. நம்ம பக்கம் மார்கழியிலும் தொட்டித் தண்ணீர் 25, 26-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஒரு டிகிரி ஏறினால் நேரத்தில் பத்து சதவீதம் குறைக்கணும். 26-ல் 14 நிமிஷம் போட்டது, 20-ல் கிட்டத்தட்ட 25 நிமிஷம் போட்டதுக்குச் சமம். வெளிச்சப் பகுதி மை மாதிரி ஆனதும் கிரெய்ன் பெருத்ததும் இதனால்தான்.

இரண்டாவது, புஷ் பண்ணினால், அதாவது டயலில் வேகத்தைக் கூட்டி வைத்து எடுத்து, டெவலப் நேரத்தையும் கூட்டினால், நிழல் வரும் என்ற நம்பிக்கை. வராது. பிலிமில் வெளிச்சமே விழாத இடத்தில் டெவலப்பருக்கு வேலையே இல்லை. புஷ் ஏத்துவது நடு டோனையும் வெளிச்சத்தையும்தான். நிழல் வேணும்னா எடுக்கும்போதே கொடுத்திருக்கணும்.

கே1000 மீட்டர் ஃபிரேம் முழுக்கச் சேர்த்துப் பார்க்கும். மேல் ஓரத்தில் ஒரு டியூப்லைட் இருந்தாலே முள் ஏமாந்துவிடும். கோலம் போட்ட வாசலை எடுக்கிறீங்கன்னு வைங்க. கேமராவைக் கீழே சாய்த்து, சாணி தெளித்த ஈரத் தரை மட்டும் ஃபிரேமில் நிறையும்படி அளங்க. எஃப் 2-ல் 1/15 காட்டினால், அப்படியே எடுத்தால் தரை நடுச் சாம்பலாக வெளுத்துவிடும். இரண்டு ஸ்டாப் குறைத்து (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி) 1/60-ல் எடுங்க. தரை கருமையாக இருக்கும், ஆனால் சாணியின் சொரசொரப்பு தெரியும். மாவுக் கோடு வெள்ளையாக நிற்கும். இன்னொரு விஷயம், அந்த மீட்டரில் வெளிச்சத்தை உணர்வது சிடிஎஸ் என்கிற வகை செல். மங்கலில் முள் மெதுவாகத்தான் நகரும். சில விநாடி பொறுத்துப் பார்த்துப் படிங்க.

கடைத்தெரு:
மேலே சொன்னதோடு ஒரு சேர்க்கை. எதற்கெடுத்தாலும் 1600 என்பது வேண்டாத பழக்கம். கார்த்திகை அடைமழை மூட்டத்தில்கூட, பகல் வேளையில் திறந்த இடத்தில் 400-லேயே எஃப் 5.6, 1/250 கிடைக்கும். பெரிய கடைத்தெரு மாதிரி இரு பக்கமும் கடை மறைக்கிற இடத்தில் எஃப் 4, 1/125. மங்கலாகத் தெரிவது கண்ணுக்குத்தான், பிலிமுக்கு அது போதுமான வெளிச்சம். 1600 தேவைப்படுவது சூரியன் உதிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால்: வானம் தெளிவாக இருந்தால் எஃப் 2, 1/60, மூட்டம் என்றால் 1/30. அந்த நேரத்துக்கென்றே தனி ரோல் வையுங்கள். ஒரே ரோலில் இரண்டையும் கலந்தால் டெவலப் பண்ணும்போது ஏதோ ஒன்று பலி.

மஞ்சள் ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், ஒரு ஸ்டாப் அதிலேயே போகும். ஆற்றோரப் பனிமூட்டம் மட்டும் தனிக் கணக்கு. ஃபிரேம் முழுக்க வெண்மையாக இருப்பதால் மீட்டர் குறைத்துச் சொல்லும். ஒரு ஸ்டாப் கூட்டிக் கொடுத்தால்தான் பனி பனியாக இருக்கும், இல்லையென்றால் அடுப்புப் புகை மாதிரி விழும்.

மகாமகக் குளத்து மண்டபங்களை டிரைபாடில் எடுப்பதானால் எச்பி5-க்கு நீள் நேரத் திருத்தம் உண்டு. மீட்டர் 5 விநாடி என்றால் 8 கொடுங்கள், 10 என்றால் 20. தாராசுரம், தஞ்சைப் பெரிய கோயில் போன்ற தொல்லியல் துறை இடங்களில் டிரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும்.

படித்துறை:
நன்றி. 20 டிகிரிக்குக் குளிர வைப்பதுதான் இங்கே பெரிய பாடு. அதற்கு என்ன வழி?

இருட்டறை:
20 வரைக்கும் போகவே வேண்டாம், 24-ல் நிறுத்துங்க. ஒரு பக்கெட் தண்ணீரில் ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டு, டெவலப்பர், ஸ்டாப் பாத் (டெவலப்பை நிறுத்துகிற கரைசல்), ஃபிக்ஸர் (படத்தை நிலைக்க வைக்கிற கரைசல்) பாட்டில்கள், கழுவுகிற தண்ணீர் எல்லாத்தையும் அதுக்குள்ளேயே வைங்க. ஐஸை டெவலப்பரில் நேரா போட்டுடாதீங்க, நீர்த்துப்போகும். நாலும் ஒரே சூட்டில் இருப்பதுதான் முக்கியம். திடீர்னு மாறினால் எமல்ஷன் (பிலிம் மேல் படம் பதிகிற பூச்சு) சுருங்கி வெடிப்பு விடும்.

24-ல் 1600-க்கு ஐடி-11 ஸ்டாக் ஒன்பதரை நிமிஷம். 400-ல் எடுத்த ரோலுக்கு ஸ்டாக் போடாதீங்க. ஐந்து நிமிஷத்துக்கு வந்து நிற்கும், அவ்வளவு குறைந்தால் திட்டுத் திட்டாக விழும். ஒன்றுக்கு ஒன்று கலந்து போடுங்க: பேட்டர்சன் டேங்கில் ஒரு ரோலுக்கு 290 மி.லி., அதாவது 145 ஸ்டாக், 145 தண்ணீர், கிட்டத்தட்ட ஒன்பது நிமிஷம். முதல் பத்து விநாடியில் நாலு தடவை கவிழ்த்து நிமிர்த்துங்க, பிறகு ஒவ்வொரு நிமிஷத் தொடக்கத்திலும் அதே நாலு. அதுக்கு மேல் குலுக்கினால் டியூப்லைட் மறுபடி மையாகும்.

கழுவ ஓடுகிற குழாய் வேண்டாம். மூணு தடவை தண்ணீர் நிரப்பி, 5, 10, 20 என்று கவிழ்த்தால் போதும். ஒரு லிட்டருக்குள் முடியும், அதையும் பக்கெட்டிலேயே 24-ல் வைக்கலாம்.

கடைத்தெரு:
கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் கூடாது, உப்புத் திட்டு காய்ந்து நிற்கும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டரில் வெட்டிங் ஏஜென்ட் (தண்ணீர் துளியாக நிற்காமல் வழியச் செய்கிற திரவம்) இரண்டு சொட்டு. காயப் போட்ட அறையில் விளக்கை அணைத்துவிடுங்கள். சம்பாப் பயிர் நிற்கும் மாதங்களில் பச்சைப் பூச்சி வெளிச்சத்தைத் தேடி வந்து ஈர எமல்ஷனில் ஒட்டும்; காய்ந்த பிறகு அதைப் பிய்த்தால் படமும் சேர்ந்து வரும். ஃபிரிட்ஜில் வைத்த பிலிம் டப்பாவை வெளியே எடுத்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் திறக்க வேண்டும்.