பேட்டன்ட் எண் கருவியின் வயதைச் சொல்லுமா?

பட்டறைவாசி:
அமெரிக்காவிலிருந்து, காரின் வீல் சிலிண்டருக்கான (பிரேக் ஷூக்களைத் தள்ளும் உருளை) பழைய கிளாம்ப் ஒன்றை வாங்கியிருக்கிறேன். பிரேக் ஷூவைக் கழற்றியதும் சிலிண்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங் பிஸ்டன்களை வெளியே தள்ளிவிடாதபடி இருபுறமும் கவ்விக்கொள்ளும், பட்டை எஃகில் வளைத்த ‘ப’ வடிவக் கருவி அது. ஃபோர்டு மாடல் ஏ காருக்கு உரியது என்று சொல்லி விற்றார்கள். அதில் 2,04 என்று தொடங்கும் ஏழிலக்கப் பேட்டன்ட் எண் இருக்கிறது. கடைசி இரண்டு இலக்கங்கள் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை. அமெரிக்கப் பேட்டன்ட் வரிசையில் 1936ஆம் ஆண்டு 2,026,516இல் தொடங்கி, 1937 தொடங்கும் 2,066,309க்கு முன் முடிந்துவிடுகிறது. ஆகவே கருவி 1936இல் செய்யப்பட்டது என்பதே என் முடிவு.

நிதானி:
விற்றவர் சொன்னதும் தவறு, தங்கள் முடிவும் அவசரமானது. 1931உடன் நின்றுபோன மாடல் ஏ காரில் பிரேக்கை இழுப்பது இரும்புத் தண்டுகள். திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு உரிய வீல் சிலிண்டரே அதில் கிடையாது. பிளிமத் 1928இலும் செவ்ரோலே 1936இலும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு வந்துவிட்டபோதும், ஃபோர்டு 1939 மாடல்களில்தான் அதை ஏற்றது. பேட்டன்ட் எண்ணோ, கருவி எந்த ஆண்டுக்கு முந்தையதாக இருக்க முடியாது என்பதை மட்டுமே காட்டும். பேட்டன்டுக்கு அன்று 17 ஆண்டு பாதுகாப்பு இருந்ததால், 1953 வரை அதே எண்ணைப் பொறித்துக்கொண்டிருக்க உற்பத்தியாளருக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

துருவேட்டை:
முலாம் இல்லாமல் கறுத்திருந்தால், குரோமியத்துக்குக் கட்டுப்பாடு இருந்த உலகப்போர்க் காலத்துக் கருவி என்று கொள்ளலாமே.

நிதானி:
மலிவான கருவிகள் பலவற்றுக்கு எந்தக் காலத்திலும் முலாம் பூசியதில்லை. பூசியதும் புழக்கத்தில் உரிந்துபோகும். பொறித்த எழுத்துகளின் பள்ளத்தை உருப்பெருக்கியால் பார்க்கச் சொல்லுங்கள். கம்பித் தூரிகையால் தேய்த்துவிட வேண்டாம். தடயம் போவது ஒருபுறம் இருக்க, பழைய பிரேக் ஷூ லைனிங்கின் ஆஸ்பெஸ்டாஸ் தூசி அந்த இடுக்குகளில் இருக்கக்கூடும்.

பட்டறைவாசி:
பார்த்தேன். எண்ணில் உள்ள 4இன் உள்மூலையில் நகக்கீறல் அளவுக்கு வெள்ளிப் பளபளப்பு தெரிகிறது. முலாம் இருந்து உரிந்திருக்கிறது; போர்க்கால வாதத்தை விட்டுவிடுவோம். அட்டைப் பெட்டியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அதில் ஊர்ப் பெயருக்கும் மாநிலத்துக்கும் நடுவே ஓர் ஈரிலக்க எண் அச்சாகியிருக்கிறது.

நிதானி:
முதலில் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். அந்த அஞ்சல் வட்ட எண்கள் 1943இல் வந்தவை. 1963இல் ஐந்திலக்க ஜிப் குறியீடு அவற்றின் இடத்தைப் பிடித்தது. ஆனால் பெட்டி இந்தக் கருவிக்கு உரியதுதானா? பழைய சாமான் சந்தையில் பெட்டிகள் அடிக்கடி இடம் மாறும்.

பட்டறைவாசி:
பெட்டியின் அடித்தட்டில் துருக்கறை படிந்து இரண்டு ‘ப’ வடிவங்கள் ஒன்றினுள் ஒன்றாகத் தெரிகின்றன. உள்கறையின் மேல் கிளாம்பை வைத்தேன். வளைவு முதல் முனை வரை மயிரிழை பிசகாமல் பொருந்தியது. இணையாக விற்றதில் பெரியது தொலைந்திருக்கிறது. எனவே 1943 முதல் 1953 வரை என்று குறித்துக்கொள்கிறேன்.

நிதானி:
1943 என்பதை ஏற்கிறேன். பேட்டன்ட் முடிந்த மறுநாளே பொறிக்கும் அச்சை எவரும் மாற்றிவிடுவதில்லை என்பதால், மறுமுனையில் 1963 என்றே எழுதுங்கள்.