இழை: சட்டைப்பைக் கேமராவின் துணைப்பொருள்களுக்குத் தமிழ் (அவசரம்)

வகுப்பறை எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

தூத்துக்குடியில் மாலைநேரப் படப்பிடிப்பு வகுப்பு ஒன்று எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் அல்லர். ஒருவரிடம் ரிகோ ஜிஆர் 3, இருவரிடம் சோனி ஆர்எக்ஸ்100, மற்றவர்களிடம் அண்ணனோ மாமாவோ கொடுத்த பழைய கேனன். எல்லாமே சட்டைப்பையில் போகிற அளவு. கடற்கரைக்குப் படமெடுக்கப் போகும் முன், கேமராவை எப்படிப் பேணுவது என்று ஒரு துண்டறிக்கை கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது.

இவற்றுக்குச் சொல் தேவை: ரிஸ்ட் ஸ்டிராப், நெக் ஸ்டிராப், அது கோக்கப்படும் சிறு துளை, பவுச், லென்ஸ் உள்ளே போனதும் தானாக மூடிக்கொள்ளும் அந்த இரண்டு மெல்லிய தகடுகள், ஸ்கிரீன் கார்டு, அடாப்டர் ரிங், அடியில் டிரைபாட் மாட்டும் ஓட்டை.

படிப்பவர்களில் இல்லத்தரசிகளும், துறைமுகத்தில் வேலை செய்பவர்களும், கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. படித்தவுடன் கை அந்தப் பொருளுக்குப் போக வேண்டும். அது போதும் எனக்கு.

பி.கு.: புகைப்படமா, நிழற்படமா, ஒளிப்படமா என்ற புகையைத் தயவுசெய்து இந்த இழையில் கிளப்ப வேண்டாம். கேமரா என்றே எழுதப்போகிறேன்.

ஓலையான் எழுதியது:

அம்மா, பின்குறிப்பில் வாயைக் கட்டிவிட்டீர்கள். சரி, கேமரா கேமராவாகவே இருக்கட்டும்.

ரிஸ்ட் ஸ்டிராப்புக்கு நாம் எதையும் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை. ஊரெல்லாம் வைத்திருக்கிறது: காப்புக்கயிறு. காப்பு என்றால் காவல். காப்பு என்றால் கையில் அணியும் வளை. நூலின் தலையில் வைக்கும் வாழ்த்தும் காப்பு. பிள்ளைத்தமிழின் முதற்பருவமும் காப்பு. கோயில் கொடை தொடங்கும்போது மணிக்கட்டில் கட்டுவதும் காப்பு. கையில் கட்டுவது, காப்பது என்ற இரண்டு வேலையையும் ஒரே சொல்லில் சொல்ல வேறு எந்த மொழிக்கு வாய்த்திருக்கிறது?

துளைக்கு காது. ஊசிக்குக் காது உண்டு, பட்டினத்தார் சாட்சி. தகடுகளுக்கு இமை. கண்ணை மூடுவது இமைதானே. பவுச் என்பது உறை. உறைதல் என்றால் தங்குதல். வாள் தங்குமிடம் உறை, கேமரா தங்குமிடமும் உறை. உறையுள் என்பதையும் நினைத்துக்கொள்க. உறைபனி, உறைமோர் ஆகியவற்றின் உறையும் இதுவும் ஒரே வேரா என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

பட்டறை எழுதியது:

ஐயா, தனி மடல் மெதுவா வரட்டும்.

கேமரா ரிப்பேர் கடை வெச்சிருக்கேன். கடைக்கு வர்ற யாரும் காப்புக்கயிறு கொடுங்கன்னு கேக்கல. "கையில மாட்ற கயிறு இருக்கா"ன்னுதான் கேப்பாங்க. டீச்சர் கேட்டது அதைத்தானே? கைக்கயிறுன்னு போட்டா முடிஞ்சுது.

காது சரி. நாங்களே அப்படித்தான் சொல்றோம். "ஒரு பக்கக் காது உடைஞ்சு போச்சு"ன்னா பட்டறையில எல்லாருக்கும் புரியும். அறிக்கையில இதையும் சேருங்க: அந்தக் காதுல நூல் நுழையாம ஜனங்க ஊசி, பின்னு எல்லாம் விட்டுக் குத்தி பெயின்டைப் பேத்துடறாங்க. தங்கூசி (மீன் புடிக்கற நைலான் நூல்) ஒரு துண்டு எடுத்து இரண்டா மடிச்சு, மடிச்ச முனையைக் காது வழியா விடணும். மறுபக்கம் வளையமா எட்டிப் பார்க்கும். அதுல கயிறோட மெல்லிசு நுனியை மாட்டி இழுத்தா கயிறு தானா வந்துடும். அப்புறம் கயிறோட தடிச்ச முனையை அந்த நுனி வளையத்துக்குள்ள விட்டு இழுத்தா சுருக்கு விழும். உங்க ஊர்ல தங்கூசி பெட்டிக்கடையில கூடக் கிடைக்கும்.

வடலி எழுதியது:

தங்கூசி என்ற சொல்லைக் கண்டதும் மகிழ்ச்சி. எங்கட பக்கமும் அதே சொல்தான். கடல் பிரித்தாலும் மீன்பிடிக்கிறவன் பிரிக்கவில்லை.

ஆனால் ஓலையான் ஐயாவின் காப்புக்கயிற்றுக்கு என் மறுப்பு உண்டு. அது சமயச் சடங்கோடு ஒட்டிய சொல். வகுப்பில் கிறித்தவரும் முசுலிமும் இருப்பார்கள், தூத்துக்குடி அல்லவா. தொழில்நுட்பச் சொல்லில் அந்த மணம் வேண்டாம். கைப்பட்டி என்று வைக்கலாம். இடுப்புப்பட்டி இருக்கிறது, அதன் வழியில்.

நெக் ஸ்டிராப்பைக் கழுத்துப்பட்டி ஆக்கிவிடாதீர்கள். எங்கள் வழக்கில் அது ரை. மாப்பிள்ளை கோட்டோடு கட்டுவது.

ஓலையான்:

வடலியாருக்கு. மணம் வேண்டாம் என்றால் சொற்களில் பாதியைக் குப்பையில் போட வேண்டும். பிறந்த குழந்தைக்குக் காப்புப் போடாத வீடு எந்தச் சமயத்தில் இருக்கிறது? பொருட்காப்பு, தற்காப்பு, காப்பகம், காப்பீடு என்றெல்லாம் வழங்குகிறோமே, காப்பீட்டு முகவர் வரும்போது எந்தச் சடங்கு நினைவுக்கு வருகிறது?

சரி, கயிறு என்பதுதான் உறுத்துகிறது என்றால் கைஞாண் என்று வைக்கலாம். அரைஞாண் என்பதில் அரை இடுப்பு, ஞாண் கயிறு. நாணும் ஞாணும் ஒன்றே. நண்டு ஞண்டு, நாயிறு ஞாயிறு போல. வில்லுக்கு நாண், இடுப்புக்கு அரைஞாண், கைக்குக் கைஞாண். எவ்வளவு இயல்பாக உட்காருகிறது பாருங்கள்.

பட்டறை:

அரைஞாண் கயித்தை "அருணாக்கொடி"ன்னு சொல்ற ஊருய்யா இது. கைஞாண்னு போட்டா படிக்கிறவங்க எழுத்துப் பிழைன்னு நெனப்பாங்க.

சிங்கைவாசி:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் மொழிபெயர்ப்பாளர். பட்டி, பட்டை, வார், கயிறு நான்கும் வடிவத்தில் வேறு. தட்டையாக இருந்தால் பட்டை அல்லது வார். உருண்டையாக இருந்தால் கயிறு. இந்தச் சின்னக் கேமராக்களோடு வருவது பெரும்பாலும் மெல்லிய நுனியும் தட்டையான உடலும் கொண்டது. எனவே கைவார். நெக் ஸ்டிராப்புக்குக் கழுத்துவார். செருப்பு வார் எல்லாருக்கும் தெரிந்த சொல்.

வகுப்பறை:

செருப்பு வார் தெரிந்த சொல் என்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது. இருந்தாலும் வைத்துக்கொள்கிறேன். இமைக்கு யாரும் எதிர்ப்பு இல்லையே?

வடலி:

எனக்கு உண்டு. இமைத்தல் என்றால் ஒரு நொடியில் மூடித் திறப்பது. கமராவில் அதைச் செய்வது உள்ளே இருக்கும் ஷட்டர். "கண்ணுள்ளின் போகார் இமைப்பின் பருவரார்" என்ற குறளில் வரும் இமைப்பு ஷட்டருக்குத்தான் பொருந்தும். இமையை லென்சின் வாசலுக்குக் கொடுத்துவிட்டால் நாளைக்கு ஷட்டருக்கு என்ன கொடுப்பது? வாசலில் இருப்பது கதவு. வில்லைக்கதவு என்று எழுதுங்கள்.

பட்டறை:

வில்லைன்னா இங்க மருந்துக்கடை ஞாபகம்தான் வரும். லென்ஸ்னே இருக்கட்டும்.

அது இமையோ கதவோ, ஒண்ணு எழுதுங்க: மணல் ஒரு துகள் அந்தத் தகட்டு இடுக்குல போனா தகடு பாதியில நிக்கும். பாதி மூடின கண்ணாட்டம் இருக்கும். அப்ப விரலால தள்ளக்கூடாது, வாயால ஊதக்கூடாது. எச்சில் தெறிச்சா லென்ஸ்ல கறை. ரப்பர் உருண்டை ஊதி இருக்கில்ல, கேமராவைக் குப்புறப் புடிச்சுக்கிட்டு கீழேயிருந்து அதால ஊதணும். மணல் கீழ விழணும், உள்ள போகக்கூடாது.

இன்னொண்ணு. லென்ஸ் வெளிய வரும்போதும் உள்ள போகும்போதும் கேமரா காத்தை இழுத்து விடும். சட்டைப்பையோட அடியில சேர்ற பஞ்சுத்தூசி அந்தக் காத்தோட உள்ள போகும். படம் பதியற சென்சார்ல உட்கார்ந்தா, லென்ஸோட துவாரத்தை ரொம்பச் சின்னதாக்கி (எஃப் 16) வானத்தை எடுக்கறப்ப கறுப்புப் புள்ளியா தெரியும். ஜிஆர் வெச்சிருக்கவர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, அதுல லென்ஸைக் கழட்டித் துடைக்க வழி இல்ல. அதனால பவுச் வேணும். சட்டைப்பையில அப்படியே போடற கேமராவுக்குத்தான் பவுச் ரொம்ப முக்கியம்.

வடலி:

பவுச்சே வேண்டாத கமராவும் உண்டு. 1979இல் ஒலிம்பஸ் எக்ஸ்ஏ வந்தது, யோஷிஹிசா மைத்தானி வடிவமைத்தது. முன்பக்க மூடியை விரலால் ஒதுக்கினால் லென்ஸ் தெரியும்; திரும்பத் தள்ளினால் மூடிக்கொள்ளும். உறையும் வேண்டாம், கழற்றித் தொலைக்கிற மூடியும் வேண்டாம் என்பதுதான் அவரது எண்ணம். அதைப் பார்த்தவர் எவரும் இமை என்று சொல்லார். அது தள்ளுகதவு. கதவு என்ற சொல் இரண்டுக்கும் பொருந்தும் என்பதற்காகச் சொன்னேன்.

ஓலையான்:

கதவு வீட்டுக்கு. கண்ணுக்கு இமை. இதில் நான் அசையப்போவதில்லை. மேலும் கண்மடல் என்றொரு சொல்லும் உண்டு. மடல் என்பது பனைமடல், தாழைமடல், காதுமடல், நாம் இங்கே எழுதும் மடல், மடலேறுதல்…

மட்டுறுத்துநர்:

ஐயா, மடலேறுதலுக்குப் போன மாதம் தனி இழை ஓடியது, இன்னும் முடியவில்லை. இங்கே வேண்டாம்.

சிங்கைவாசி:

பவுச்சுக்கு ஒரு கருத்து. இந்தச் சின்னக் கேமராக்களுக்கு நான் பார்த்தவரை நல்லது, வாயில் நாடா கோத்து இழுத்து மூடும் மெத்துத்துணிப் பை. அதற்குத் தமிழில் பாட்டிமார் பெயர் வைத்துவிட்டார்கள்: சுருக்குப்பை.

வகுப்பறை:

ஆகா! இது போதும். வகுப்பில் சொன்னால் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்வார்கள்.

பட்டறை:

சூப்பர். ஆனா ஜிப் வெச்சது, பட்டன் வெச்சது, தோல் பை எல்லாம் சுருக்குப்பை ஆகாது. பொதுவா உறைன்னு போட்டுட்டு, வாங்கறதா இருந்தா சுருக்குப்பை வாங்குங்கன்னு போடுங்க. தோல் உறையில போட்டு மாசக்கணக்கா பீரோவுல பூட்டி வெக்காதீங்கன்னும் போடுங்க. தோல் ஈரத்தைப் புடிச்சு வெச்சுக்கும், உங்க ஊர்க் கடல் காத்துக்கு லென்ஸ்ல பூஞ்சை படர்ந்துடும். கோலம் போட்டாப்ல இருக்கும். தொடச்சாலும் சில சமயம் தடம் போகாது. காத்துப்போகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வெக்கணும். நீல மணி ரோஸ் ஆனா ஈரம் குடிச்சிருச்சுன்னு அர்த்தம், காய வெச்சுத் திரும்பப் போடலாம்.

ஸ்கிரீன் கார்டுக்கு திரைக்காப்பு போடுங்க, ஓலையான் ஐயாவும் சந்தோஷப்படுவாரு. அதுல 9எச்னு எழுதியிருக்கறதைப் பார்த்து வைரம் மாதிரின்னு நம்ப வேணாம். அது பென்சில் கணக்கு, 9எச் பென்சிலால கீறினா விழாதுன்னு மட்டும்தான் அர்த்தம். கடற்கரை மணல்ல இருக்கற குவார்ட்ஸ், கடினத்தை அளக்கற மோஸ் கணக்குல 7, கண்ணாடி அஞ்சரைதான். மணல் கையோட தேச்சா கோடு விழும்.

ஓலையான்:

திரைக்காப்புக்கு நன்றி. திரைக்குக் காப்பு ஆகலாம், கைக்கு ஆகாதா என்று மட்டும் கேட்டு வைக்கிறேன்.

வகுப்பறை:

அடாப்டர் ரிங் இணைப்பு வளையம் என்று எழுதிவிட்டேன். ஜிஆர் 3 வைத்திருப்பவர் 49 மி.மீ. வடிகட்டி (ஃபில்டர்) மாட்டத் தேடிக்கொண்டிருக்கிறார், அவருக்கு மட்டும்தான் அது வேண்டும். மிஞ்சியது அடியில் இருக்கும் ஓட்டை.

பட்டறை:

மறை ஓட்டை.

ஓலையான்:

மறை அன்று, மரை. மறை என்றால் வேதம். மரையாணி, மரைத்துளை என்று இடையின ரகரம் போட்டு எழுத வேண்டும். மரை என்பது ஒருவகை மானுக்கும் பெயர், அதன் கொம்பு முறுக்கிக்கொண்டிருக்கும் என்பதால் இந்தப் பெயர் வந்திருக்கலாம் என்பது என் துணிபு.

வடலி:

ஐயா, மரை என்று நாங்கள் சொல்லும் விலங்கின் கொம்பு கிளைவிட்டது, முறுக்கியது அல்ல. முறுக்குக் கொம்பு வேண்டுமானால் இரலைக்குப் போங்கள்.

ஓலையான்:

அப்படியானால் மரையை விடுவோம். புரி இருக்கிறது. முப்புரி நூல், புரிகுழல், வலம்புரிச் சங்கு. முறுக்குக்குத் தமிழன் வைத்த பெயர் அதுதான். துளை புரித்துளை. கடிகார முள் சுற்றும் பக்கமாகத் திருகினால் இறுகுவதால் இது வலம்புரித்துளை. தூத்துக்குடியில் சங்கு குளித்த ஊரார்க்கு இதைவிட எளிதாக எது விளங்கும்?

சிங்கைவாசி:

விளங்கும், ஆனால் தலைகீழாக விளங்கும். நாம் வலம்புரி என்று போற்றும் சங்கு உயிரியலார் கணக்கில் இடச்சுற்றுச் சங்கு. நாம் சங்கைப் பிடித்துப் பார்க்கும் பக்கமும் அவர்கள் பார்க்கும் பக்கமும் வேறு. ஒரு முறுக்கை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதன் திசை மாறாது. சாதாரணத் திருகாணியின் முறுக்கு, சாதாரண இடம்புரிச் சங்கின் முறுக்கோடுதான் ஒத்துப்போகும். ஆகவே உங்கள் கணக்குப்படி உலகத்தில் உள்ள திருகாணி எல்லாம் இடம்புரி. வலம்புரி என்றால் அபூர்வமாகக் கிடைக்கும் எதிர்மரை.

பட்டறை:

கால் அங்குல போல்ட்டுக்குச் சங்கு ஊதிட்டீங்க.

டீச்சர், எழுத வேண்டியது இதுதான்: ஓட்டை கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 சுத்து. சாதாரண டிரைபாட் எதை வாங்கினாலும் இது பொருந்தும். பெரிய ஸ்டாண்டுல 3/8 அங்குலம் இருந்தா நடுவுல ஒரு குட்டி புஷ் போட்டுக்கலாம். ஹார்டுவேர் கடை போல்ட்டைப் போட்டு முறுக்காதீங்க, நீளம் கூடினா உள்ள இடிச்சு அடித்தட்டையே பேத்துடும். காசு, சாவி கிடக்கற பையில ஸ்பேர் பேட்டரியைப் போடாதீங்க, முனையில உரசினா சூடாயிடும். இதுக்குச் சொல் ஏதும் தேவைப்படல.

மட்டுறுத்துநர்:

நாளை வெள்ளி. கை தூக்கியவர்கள் கணக்கு: கைவார், கழுத்துவார், காது, உறை (பரிந்துரை சுருக்குப்பை), திரைக்காப்பு, இணைப்பு வளையம், மரைத்துளை. தகடுகளுக்கு இமை மூன்று, கதவு இரண்டு. மூன்றில் ஒன்று "எதையாவது போடுங்கள், தூங்க வேண்டும்" என்று வந்தது. அதை இமைக்குச் சேர்த்துக்கொண்டேன்.

வடலி:

அந்தச் சேர்ப்பை எதிர்க்கிறேன் என்று பதிவு செய்கிறேன். ஷட்டருக்குச் சொல் தேடி அடுத்த வகுப்பில் நீங்கள் திரும்ப வருவீர்கள்.

வகுப்பறை:

எல்லாருக்கும் நன்றி. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். "லென்ஸின் இமை (முன்னால் உள்ள சிறு கதவு)" என்று போட்டிருக்கிறேன், இரண்டு தரப்பும் பொறுத்தருள்க. மரைத்துளையை அச்சுக்கோப்பவர் "மறைத்துளை" என்று மாற்றிவிட்டுத் தொலைபேசியில் சொன்னார். திருத்தச் சொல்லியிருக்கிறேன்.

ஓலையான்:

திருத்தியதற்கு நன்றி அம்மா. கைவாருக்கு நான் உடன்படவில்லை. காப்புக்கயிற்றைத் தமிழக அரசின் கலைச்சொல் தளமான சொற்குவைக்கு அனுப்பிவைக்கிறேன். உறைமோர் குறித்த மடல் ஞாயிறன்று வரும்.