டிவியில் சத்தம் வருகிறது, படம் வரவில்லை (லண்டன், அவசரம்)

ஈஸ்ட்ஹாம்_புதுவரவு: வணக்கம், யாராவது உடனே சொல்லுங்கள். நேற்று இரவு வரை நன்றாக ஓடிய டிவி காலையிலிருந்து ஒரே இருட்டு, சத்தம் மட்டும் கேட்கிறது. அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார், இந்தக் குளிரில் வெளியே போகமாட்டார், நான் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டால் டிவிதான் துணை. ரிப்பேருக்கு யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு ஆகும்?

லெஸ்டர்_அண்ணாச்சி: ஊரிலிருந்து கொண்டுவந்த டிவியா தம்பி? அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், கரண்டால் கெட்டிருக்காது. பிளக்தான் வேறு, ஃபியூஸ் உள்ளதாகப் பார்த்து மாட்டுங்கள். நான் வந்த புதிதில் ஒரே அறையில் நாலு பேர், ஒரே எக்ஸ்டென்ஷனில் ஹீட்டர், ரைஸ் குக்கர், டிவி எல்லாம் ஓடும், மொத்தம் 13 ஆம்பியர் தாண்டக் கூடாது என்று சொல்லக்கூட ஆளில்லை. அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் இப்போதும் தூக்கம் வராது.

ஹாரோ_மீனா: ரிப்பேர் இருக்கட்டும், இந்த நாட்டில் வருடாவருடம் பணம் கட்டி எடுக்கும் டிவி லைசென்ஸ் எடுத்தீர்களா? 2025 ஏப்ரலில் 174.50 பவுண்டு ஆக்கினார்கள். லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 1000 பவுண்டு வரை அபராதம்.

குரோய்டன்_குமரன்: அக்கா, புதிதாக வந்தவரைப் பயமுறுத்தாதீங்க. டிவி வைத்திருப்பதற்கு லைசென்ஸ் தேவையில்லை. நெட்ஃபிளிக்ஸ் படமும் யூடியூப் வீடியோவும் மட்டும் பார்த்தால் வேண்டாம். நான் எடுத்ததே இல்லை.

ஹாரோ_மீனா: அப்பா வந்திருக்கிறார் என்கிறாரே. சன் டிவியோ கிரிக்கெட்டோ நேரலையில் ஓடினால் லைசென்ஸ் வேண்டும், ஆப்பில் பார்த்தாலும் சரி, வெளிநாட்டுச் சேனல் என்றாலும் சரி. பிபிசியின் ஐபிளேயர் ஆப்பில் பழைய நிகழ்ச்சி பார்த்தாலும் வேண்டும்.

லெஸ்டர்_அண்ணாச்சி: வாடகை, கவுன்சில் டாக்ஸ், அதற்கு மேல் இது. ஊரில் தெருமுனைக் கடைக்காரர் வீட்டுக்கே வந்து சரிசெய்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். இங்கே வந்து எட்டிப் பார்ப்பதற்கே தனிக் காசு.

குரோய்டன்_குமரன்: உண்மை அண்ணாச்சி. பிளம்பர் கதையும் அதேதான்.

ரீடிங்_செல்வி: அவர் கேட்டதற்கு வருவோமா? தம்பி, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, டிவியில் இருக்கும் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போடுங்கள். அப்படியும் இருட்டாக இருந்தால் விளக்கை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடியுங்கள். உள்ளே மங்கலாகப் படம் அசைந்தால் திரைக்குப் பின்னால் ஒளி தரும் பேக்லைட் போயிருக்கிறது, அது ரிப்பேர் ஆகும். ஒன்றுமே தெரியாவிட்டால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டாகவோ, பேனலாகவோ, அதாவது திரையாகவோ இருக்கலாம், பேனல் என்றால் செலவு புது டிவி விலையை நெருங்கிவிடும். பின்பக்கத்தைத் திறக்கவே வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும். அப்புறம், எங்கே வாங்கியது என்று சொல்லவே இல்லையே? இங்கே கடையில் வாங்கி 30 நாளுக்குள் பழுது என்றால் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கலாம், 6 மாதத்துக்குள் என்றால் விற்ற கடைதான் சரிசெய்தோ மாற்றியோ தர வேண்டும். பெட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பேங்க் ஸ்டேட்மென்ட் போதும்.

ஈஸ்ட்ஹாம்_புதுவரவு: டார்ச்சில் மங்கலாகத் தெரிகிறது அக்கா! ஆனால் டிவி என்னுடையது இல்லை, வாடகை வீட்டோடு இருந்தது. டெபாசிட்டில் பிடிப்பார்களா? அதுதான் பயம்.

ரீடிங்_செல்வி: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! நீங்களாக யாரையும் கூப்பிடாதீர்கள். சத்தம் வந்து படம் வராததை வீடியோ எடுத்து, இன்றைய தேதியோடு வீட்டு ஓனருக்கோ ஏஜென்ட்டுக்கோ இமெயில் அனுப்புங்கள், வாட்ஸ்அப் மட்டும் போதாது. குடியேறும்போது கொடுத்த இன்வென்டரியில், அதாவது வீட்டுப் பொருள் பட்டியலில், டிவி இருக்கிறதா பாருங்கள். ரிப்பேர் யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது, ஆனால் பழசாகித் தானாகக் கெட்டதற்கு டெபாசிட்டில் கை வைக்கக் கூடாது. டெபாசிட்டைப் பாதுகாப்புத் திட்டத்தில் போட்டதற்கான தாளையும் தேடி வையுங்கள், தகராறு வந்தால் அங்கேயே இலவசமாக விசாரிப்பார்கள். இன்றைக்கு அப்பாவுக்கு லேப்டாப்பில் போட்டுக் கொடுங்கள், மீனா சொன்ன நேரலை விஷயம் அதற்கும் பொருந்தும்.