தொலைமருத்துவத் தரவுகளைக் கொண்டு டெங்குப் பரவலைக் கண்காணித்தல்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் தொலைமருத்துவச் சேவையொன்றின் தரவுகளைப் பகுப்பாய்வு செய்து வருகிறேன். தென்மேல் பருவமழையை ஒட்டி ஜூன், ஜூலையிலும், மீண்டும் ஆண்டின் இறுதியிலும் இங்கு டெங்கு அதிகரிப்பது வழமை. 2017இல் நாடெங்கும் 186,000இற்கும் மேற்பட்ட நோயாளர்கள் பதிவாகினர். நோய் அறிவித்தல்கள் பெரும்பாலும் வைத்தியசாலைகளிலிருந்தே சுகாதார வைத்திய அதிகாரிக்குச் செல்வதால், காய்ச்சல் தொடங்கியதுமே வைத்தியரை அழைப்போரின் தரவுகள் சில நாட்கள் முன்னதாகவே எச்சரிக்கக்கூடும் என நம்புகிறேன். நுளம்புப் பெருக்கிடங்களை அழிப்பதற்கு அந்த நாட்கள் பெறுமதியானவை.

பெரிய சிக்கல் இடத்தைக் கண்டறிவதுதான். கொழும்பின் வெள்ளவத்தையில் தங்கி வேலை செய்பவரின் பதிவில் யாழ்ப்பாண முகவரி இருக்கிறது. தாய்க்காக மகன் வேறு ஊரிலிருந்து அழைக்கிறார். சேவையின் பாவனையாளர்கள் பெருகுவதும் நோய்ப் பரவல் போலத் தோன்றுவதால், எண்ணிக்கைக்குப் பதிலாக மொத்த அழைப்புகளில் காய்ச்சல் அழைப்புகளின் விகிதத்தைப் பார்க்கிறேன், இது போதுமானதா? சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் எழுதப்பட்ட வைத்தியர் குறிப்புகளிலிருந்து அறிகுறிகளைப் பிரித்தெடுத்த அனுபவமுள்ளவர்கள் இருக்கிறீர்களா? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்திற்கொண்டு, நோயாளரை இனங்காண முடியாதபடி எந்த அளவிலான பிரதேசமாகத் தொகுக்கலாம் என்பதையும் அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.