மரவள்ளி மாவில் பிளாஸ்டிக் ஷீட்: காய்ந்ததும் வெடிக்கிறது, அவசரம்

ஆத்தூர்க்காரன்: வணக்கம். கிழங்கு விலை இறங்கிவிட்டது. கிழங்கிலுள்ள மாவுச்சத்து அளவை வைத்து மில்லில் சொல்கிற பாயிண்ட் விலைக்கு வெட்டுக்கூலிகூடத் தேறாது. சரி, மக்கும் பிளாஸ்டிக்காவது செய்து பார்ப்போம் என்று மாவு, தண்ணீர், கிளிசரின், வினிகர் போட்டுக் காய்ச்சித் தட்டில் ஊற்றினேன். மறுநாள் பார்த்தால் வறண்ட ஏரி மாதிரி வெடித்துக் கிடக்கிறது. மூன்று தடவை ஆச்சு. சீக்கிரம் சொல்லுங்கள்.

திண்ணை: எத்தனை கிராமுக்கு எவ்வளவு தண்ணீர்? வெயிலில் காய வைத்தீர்களா, நிழலிலா?

புளிச்சகாடி: வினிகர் பத்தாது. இன்னும் இரண்டு ஸ்பூன் விடுங்கள்.

பழைய லேப்காரர்: இதற்குப் பத்து தடவை பதில் எழுதியாயிற்று. தேடிப் படிக்கிற பழக்கமே யாருக்கும் இல்லை. வினிகர் ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்துச் சங்கிலியை வெட்டும். கூடினால் ஷீட் இன்னும் நொய்ந்துபோகும். வளைந்து கொடுக்க வைப்பது கிளிசரின். அது குறைந்தால் கிடைப்பது அப்பளம்தான். கஞ்சி கண்ணாடி மாதிரி தெளிகிற வரை கிளறினீர்களா? 70 டிகிரியாவது தாண்ட வேண்டும்.

திண்ணை: அண்ணா, அவர் இன்னும் அளவே சொல்லவில்லை.

ஆத்தூர்க்காரன்: கிழங்கைச் சீவிக் காயவைத்து மில்லில் அரைத்த மாவு. கிளிசரின் ஒரு ஸ்பூன். மொட்டைமாடி வெயில்.

சவ்வரிசி வீடு: அட, அது சுத்த ஸ்டார்ச் இல்லையே! நார்ச்சக்கையான திப்பி மொத்தமும் உள்ளே கிடக்கிறது. நார்த்துகள் இருக்கிற இடத்தில்தான் முதல் கீறல் விழும். பச்சைக் கிழங்கைத் துருவி, தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, அடியில் படிகிற வெள்ளையை மட்டும் எடுங்கள். தோண்டிய மூன்று நாளுக்குள் செய்யுங்கள், அப்புறம் கிழங்கு உள்ளே நீலம் பாயும். 10 கிராம் ஸ்டார்ச், 100 மில்லி தண்ணீர், 3 கிராம் கிளிசரின். நிழலில் மெதுவாகக் காயட்டும். வெயிலில் மேல்பக்கம் முதலில் இறுகி இழுக்கும்.

நெகிழி எதிரி: மழையில் கரைகிற பையை யார் வாங்குவார்? தின்கிற கிழங்கை ஏன் வீணாக்க வேண்டும்?

சவ்வரிசி வீடு: விலை இல்லாமல் காட்டில் கிடக்கும்போது தின்ன வந்தீர்களா?

பழைய லேப்காரர்: கரையாமல் இருக்கத்தான் கம்பெனிகள் பிபிஏடி என்கிற மக்கும் பிளாஸ்டிக்கைக் கலக்கின்றன.

நெகிழி எதிரி: அது பெட்ரோலியச் சரக்கு! அதற்குப் பெயர் மக்கும் பையா?

பழைய லேப்காரர்: எதிலிருந்து வந்தது என்பது வேறு, மக்குமா என்பது வேறு. 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளைப் படியுங்கள். மக்கும் பை ஐஎஸ் 17088 என்கிற இந்தியத் தரத்தில் இருக்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்று இல்லாமல் விற்க முடியாது.

திண்ணை: அவர் விற்கிறேன் என்று எப்போது சொன்னார்?

ஆத்தூர்க்காரன்: (ஆறு நாள் கழித்து) வடிகட்டிச் செய்தேன். வெடிக்கவில்லை, நன்றாக வளைகிறது. நேற்று மழை. இப்போது கையில் பிசுபிசு என்று ஒட்டுகிறது.

புளிச்சகாடி: வினிகர் எவ்வளவு விட்டீர்கள்?